கேள்வி–பதில்: எட்டு த்ரெட் போட்டால் எத்தனை மடங்கு?

வேலையைப் பல த்ரெட்டுகளாக (ஒரே நேரத்தில் ஓடும் இழைகளாக) பிரித்து இணையாக ஓடும் விளையாட்டுத் தேடல் நிரல்களைப் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள். எழுதியவர்களின் வட்டாரமும் வேலையும் வேறு வேறு, தகராறு மட்டும் கிட்டத்தட்ட ஒன்றே: ஒரே நிரல், ஒரே கணினி, ஆளுக்கு ஓர் எண். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். எண்களைத் தொடவில்லை.

வணக்கம். இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக நானும் என் தோழியும் சதுரங்கத் தேடல் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறோம். ஒரு த்ரெட்டில் வினாடிக்கு 1.2 மில்லியன் நிலைகளைப் பார்க்கிறது. ஆழம் 14-ஐ (இரு தரப்பும் சேர்த்து 14 நகர்வு முன்னோக்கிப் பார்ப்பதை) முடிக்க 96 வினாடி. எட்டு த்ரெட்டில் வினாடிக்கு 9.1 மில்லியன், அதே ஆழத்துக்கு 24.6 வினாடி. நான் 7.6 மடங்கு என்று எழுதினேன், அவள் 3.9 என்கிறாள். அறிக்கையில் எதைப் போடுவது?
— பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, ஈசூன்

உங்கள் தோழியின் எண்ணைப் போடுங்கள். உங்கள் எண்ணையும் அதன் பக்கத்திலேயே போடுங்கள், ஆனால் அதை வேக மடங்கு என்று அழைக்காதீர்கள்.

உங்கள் கணக்கிலேயே விடை இருக்கிறது. ஒரு த்ரெட்: 1.2 மில்லியனை 96-ஆல் பெருக்கினால் 115.2 மில்லியன் நிலைகள். எட்டு த்ரெட்: 9.1 மில்லியனை 24.6-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 224 மில்லியன். அதே ஆழம் 14-ஐத் தொட எட்டு த்ரெட்டுகளும் சேர்ந்து 1.94 மடங்கு நிலைகளைப் பார்த்திருக்கின்றன. 7.6-ஐ 1.94-ஆல் வகுத்தால் 3.9. அதாவது இயந்திரம் 7.6 மடங்கு உழைத்தது. அதில் பாதி வீண். இந்த மூன்று எண்களையும் ஒரே வரியில் கொடுத்துவிட்டால் உங்கள் இருவருக்கும் சண்டையே இல்லை.

வீண் ஏன் வருகிறது என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள், தேர்வாளர் கட்டாயம் கேட்பார். பயனில்லாத கிளைகளைத் தேடாமல் வெட்டும் ஆல்ஃபா–பீட்டா முறையின் பலமே நகர்வுகளின் வரிசையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் 35 நகர்வு, ஆழம் 4 என்றால் முழு மரத்தின் நுனியில் 15,00,625 நிலைகள். நகர்வுகள் சிறந்த வரிசையில் அமைந்தால் ஆல்ஃபா–பீட்டா பார்க்க வேண்டியவை வெறும் 2,449. (கணினி அறிவியலாளர்கள் கனூத்தும் மூரும் 1975-இல் கணித்துக் காட்டியது இது.) முதல் நகர்வை முழுதாகத் தேடி முடித்தால்தான் அதன் மதிப்பு மற்ற நகர்வுகளுக்கு வேலியாகிறது. வேலி போடும் முன்பே எட்டுப் பேரை எட்டு நகர்வுகளுக்கு அனுப்பினால், வெட்டிப் போட வேண்டிய கிளைகளில் எல்லாம் அவர்கள் இறங்கித் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இதற்காகத்தான் 1980-களின் இறுதியில் ஜெர்மனியில் ஒரு முறை வந்தது: மூத்த நகர்வு முடியும்வரை தம்பி நகர்வுகள் காத்திருக்க வேண்டும். வீண் குறையும், ஆனால் காத்திருக்கும் நேரம் கூடும். ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரல் நெடுங்காலம் இதைத்தான் பயன்படுத்தியது. 2016 ஜனவரியில் வெளிவந்த 7-ஆம் பதிப்பில் லேஸி எஸ்எம்பி முறைக்கு மாறியது. அதில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. எல்லா த்ரெட்டும் மூல நிலையிலிருந்து தனித்தனியாகத் தேடும். தேடிய நிலைகளின் விடைகளைச் சேமிக்கும் ஹேஷ் டேபிள் மட்டும் பொது. உங்கள் நிரலும் இந்த வகை என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஒருவர் ஹேஷில் போட்ட ஆழமான விடையை இன்னொருவர் எடுத்துக்கொள்வதால், எட்டு த்ரெட்டின் 'ஆழம் 14' ஒரு த்ரெட்டின் ஆழம் 14-க்குச் சமமானதாக இருக்காது. அப்போது ஆழத்தை எட்டும் நேரம்கூட முழு உண்மையைச் சொல்லாது. ஆட்டங்கள் ஆடிப் பார்க்க வேண்டும். அதைப் பற்றிக் கீழே ஒரு கேள்வி இருக்கிறது.

ஒன்றை உடனே சரிபாருங்கள். நேரத்தை சி மொழியின் கிளாக் சார்பால் அளந்தீர்களா? லினக்ஸில் அது எல்லா த்ரெட்டுகளின் ப்ராசஸர் நேரத்தையும் கூட்டித் தரும். எட்டு த்ரெட் மூன்று வினாடி ஓடினால் 24 என்று காட்டும்! சுவர்க் கடிகார நேரம்தான் வேண்டும். சி++ என்றால் க்ரோனோவின் ஸ்டெடி கிளாக்.

நான்கு த்ரெட்டில் சில நிலைகளுக்கு 4.6 மடங்கு வருகிறது. நான்கு கோரில் (ப்ராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளில்) நான்கு மடங்குக்கு மேல் வரவே முடியாது, எண்ணைத் திருத்தியிருக்கிறாய் என்கிறார் சக ஊழியர். ஆனால் மறுபடி ஓட்டினால் அதே நிலைக்கு 2.9 வருகிறது.
— மென்பொருள் பொறியாளர், தெம்பனிஸ்

ஒற்றை நிலையில் 4.6 வருவது இயல்பே. நகர்வு வரிசையில் பதினைந்தாவதாக இருந்த நல்ல நகர்வை உதவிக்கு வந்த த்ரெட் ஒன்று தற்செயலாக முதலிலேயே தொட்டுவிட்டால், வேலி உடனே இறுகிவிடும். மொத்த மரமே சுருங்கும். அடுத்த ஓட்டத்தில் இயங்குதளம் த்ரெட்டுகளை வேறு நொடியில் எழுப்பும், அதிர்ஷ்டம் மாறும், 2.9 வரும். இணை ஆல்ஃபா–பீட்டா ஒவ்வொரு முறையும் வேறு மரத்தைத்தான் தேடுகிறது.

ஆனால் பல நிலைகளின் சராசரியே நான்கைத் தாண்டினால் உங்கள் சக ஊழியரின் பக்கம்தான் நியாயம். அந்த நான்கு த்ரெட்டும் செய்வதை ஒரே த்ரெட் மாறி மாறிச் செய்து காட்ட முடியும். அப்படிச் செய்தால் வேகம் கூடுகிறது என்றால் உங்கள் ஒற்றை த்ரெட் நிரலின் நகர்வு வரிசை மோசம் என்று பொருள். முதலில் அதைத் திருத்துங்கள். கோர்கள் கூடும்போது கேஷும் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறிய விரைவு மெமரியும்) சேர்ந்து கூடுவதால் கொஞ்சம் லாபம் வரலாம், அது சிறிய தொகைதான்.

இன்னொரு காரணத்தை அடிக்கடி பார்க்கிறோம்: ஒரு த்ரெட் ஓட்டத்தை முடித்துவிட்டு ஹேஷைத் துடைக்காமல் நான்கு த்ரெட் ஓட்டத்தைத் தொடங்குவது. இரண்டாவது ஓட்டம் முதலாவதன் விடைத்தாளைப் பார்த்து எழுதுகிறது. யூசிஐ (சதுரங்க நிரல்களின் பொதுக் கட்டளை முறை) நிரல் என்றால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் யூசிஐ நியூகேம் கட்டளை கொடுங்கள், அல்லது நிரலையே மூடித் திறங்கள்.

சராசரியை எப்படி எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். இரண்டே நிலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது 100 வினாடியிலிருந்து 20-க்கு வந்தது, ஐந்து மடங்கு. இரண்டாவது 10-லிருந்து 5-க்கு வந்தது, இரண்டு மடங்கு. மொத்த நேரத்தை வகுத்தால் 110-க்கு 25, அதாவது 4.4. மடங்குகளின் சாதாரண சராசரி 3.5. பெருக்குச் சராசரி (இரு மடங்குகளின் பெருக்கத்தின் வர்க்கமூலம்) 3.16. ஒரே தரவில் மூன்று விடைகள், மூன்றும் சரியான கணக்கு! மடங்குகளைச் சராசரி எடுக்க பெருக்குச் சராசரியே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. மொத்த நேரத்தை எடுத்தால் நீளமான ஒரு நிலையே முழு முடிவையும் இழுத்துக்கொண்டு போய்விடும். எதை எடுத்தாலும் பெயரைச் சொல்லி எழுதுங்கள்.

எத்தனை ஓட்டம் போதும்? குறைந்தது 30 நிலைகள், ஒவ்வொன்றும் ஐந்து முறை. சராசரியோடு மிகக் குறைந்ததும் மிக அதிகமும் தெரிய வேண்டும். 'ஏதோ கோளாறு' என்று ஓர் ஓட்டத்தைத் தூக்கி எறிந்தால் அதையும் எழுதுங்கள். பிடிக்காத எண்ணை மட்டும் எறியும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

2024 டிசம்பரில் செந்தோசாவில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியின் 14-ஆவது ஆட்டத்தில் டிங் லிரென் 55-ஆவது நகர்வாக யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தாரே, அந்த நிலையை வைத்து என் நிரலைச் சோதிக்கிறேன். ஒரு த்ரெட்டுக்கும் எட்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.
— வாசகர், செங்காங்

நம் ஊரில் குகேஷ் பட்டம் வென்ற நிலை அது. விட மனம் வராதுதான். ஆனால் சோதனைக்கு உதவாது. யானைகள் மாறி, கறுப்பு பிஷப் டி5-க்கு வந்ததும் பிஷப்புகளும் மாறியே தீர வேண்டும். மிஞ்சுவது சிப்பாய் முடிவாட்டம். ஒரே த்ரெட் அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கண்டுபிடித்துவிடும். எட்டு த்ரெட்டுகளை எழுப்பும் நேரமே அங்கு பெரிதாகத் தெரியும். காய்கள் குறைவு என்பதால் ஒரே நிலை பல வழிகளில் திரும்பத் திரும்ப வருகிறது, பாதி வேலையை ஹேஷே செய்துவிடுகிறது. ஒரு த்ரெட்டில் குறைந்தது 30 வினாடியாவது எடுக்கும் நடு ஆட்ட நிலைகளாகத் தேர்ந்தெடுங்கள்.

நிரலை ஒரு மாதம் உட்கார்ந்து செம்மைப்படுத்தினேன். ஒரு த்ரெட்டில் 1.8 மடங்கு வேகம் கூடியது. ஆனால் எட்டு த்ரெட்டின் வேக மடங்கு முன்பு 6.1, இப்போது 4.4. இணையாக்கத்தைக் கெடுத்துவிட்டாய் என்று குழுவில் எல்லாரும் சொல்கிறார்கள். மாற்றங்களை எல்லாம் திரும்ப எடுத்துவிடட்டுமா?
— நிரலாளர், ஜூரோங் வெஸ்ட்

ஒரு வரியையும் எடுக்காதீர்கள்! பழைய நிரல் ஒரு த்ரெட்டில் 100 வினாடி எடுத்தது என்றால் எட்டு த்ரெட்டில் 16.4. புதியது ஒரு த்ரெட்டில் 55.6, எட்டு த்ரெட்டில் 12.6. உங்கள் நிரல் எட்டு த்ரெட்டிலும் முன்னைவிட வேகமாகத்தான் இருக்கிறது. ஒரு த்ரெட்டின் நேரம் இன்னும் அதிகமாகச் சுருங்கியதால் மடங்கு குறைந்தது, அவ்வளவே. மந்தமான நிரலுக்கு மடங்கு அழகாக வரும். ஒவ்வொரு கோரும் தன் சொந்தக் கணக்கில் மூழ்கிக் கிடப்பதால் பொது மெமரியில் யாரும் மோதிக்கொள்வதில்லை. செம்மையில்லாத கம்பைலில் எடுத்த மடங்கைக் காட்டிப் பெருமைப்படும் அறிக்கைகள் இப்படித்தான் பிறக்கின்றன. அடிப்படையாக வைக்க வேண்டியது, உங்களால் எழுத முடிந்த மிகச் சிறந்த ஒற்றை த்ரெட் நிரலை. பூட்டுகளைச் சுமந்துகொண்டு ஒரு த்ரெட்டில் ஓடும் இணை நிரலை அல்ல.

கிரே சூப்பர்கம்ப்யூட்டரில் ஓடிய கிரே ப்ளிட்ஸ் சதுரங்க நிரலுக்கு 1997-இல் வெளியான 8 ப்ராசஸருக்கு 6.6, 16-க்கு 11.1 என்ற எண்களை இன்றைய மேசைக் கணினியோடு ஒப்பிடுவதும் சரியாகாது. அந்த வெக்டர் இயந்திரத்தின் மெமரி அமைப்பே வேறு.

ஆனாலும் 4.4-ஐ இன்னும் ஏற்றலாம். கணக்கு வேகமானதும் மறைந்திருந்த காத்திருப்புகள் மேலே வரும். முதலில் நிலை எண்ணும் இடத்தைப் பாருங்கள். எட்டு த்ரெட்டுக்கு எட்டு எண்ணிகள் கொண்ட ஒரு வரிசை வைத்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் 8 பைட். எட்டெட்டு 64. சரியாக ஒரு கேஷ் லைன் (கேஷ் ஒரே தடவையில் நகர்த்தும் துண்டு)! ஒவ்வொரு த்ரெட்டும் தன் எண்ணியை மட்டுமே தொடுகிறது. ஆனாலும் அந்த 64 பைட் லைன் முழுதும் கோருக்குக் கோர் பந்துபோல் பறந்துகொண்டிருக்கும், வினாடிக்குப் பல மில்லியன் முறை. ஒவ்வொரு த்ரெட்டின் தரவையும் சி++ மொழியின் அலைன்ஆஸ் 64 போட்டுப் பிரித்து வையுங்கள். ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகளில் 128. அல்லது எண்ணியை த்ரெட்டுக்குள்ளேயே வைத்து 1,024 நிலைக்கு ஒருமுறை மட்டும் வெளியே எழுதுங்கள். லினக்ஸில் பெர்ஃப் சி2சி கருவி எந்த லைன் பறக்கிறது என்று பெயரோடு காட்டும்.

அடுத்தது ஹேஷ் டேபிள். பதிவுக்கு ஒரு பூட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். 2002-இல் ஹையட்டும் மானும் எழுதிய பூட்டில்லா உத்தி எளிது: சாவியை அப்படியே வைக்காமல், சாவியையும் தரவையும் எக்ஸார் (இருமுறை செய்தால் பழையதே திரும்ப வரும் பிட் கணக்கு) செய்து வைப்பது. படிக்கும்போது மறுபடி எக்ஸார் செய்யுங்கள். இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் எழுதிப் பாதிப் பாதியாகக் கலந்த பதிவு என்றால் சாவி பொருந்தாது, அதைக் கடந்து போய்விடலாம். 16 பைட் பதிவுகள் நான்கை 64 பைட் எல்லையில் ஒரு கொத்தாக அடுக்கினால் ஒரு தேடலுக்கு ஒரு கேஷ் லைன் போதும். நகர்வைச் செய்து புதிய சாவி கிடைத்த உடனேயே அந்த லைனுக்கு ப்ரீஃபெட்ச் கொடுங்கள். மற்ற வேலை நடக்கும்போதே மெமரியிலிருந்து அது வந்துகொண்டிருக்கும்.

பெரிய பக்கங்களையும் (பக்கம் என்பது இயங்குதளம் மெமரியைப் பிரித்துத் தரும் துண்டு) மறக்காதீர்கள். 1 ஜிகாபைட் ஹேஷ் என்றால் 4 கிலோபைட் பக்கங்களாக 2,62,144. 2 மெகாபைட் பக்கங்களாக 512 மட்டுமே. முகவரி மொழிபெயர்ப்புக்கு ஆகும் வேலை அந்த அளவு குறையும். தேடல் ஹேஷில் கண்ட இடத்தில் குதிப்பதால் இந்த லாபம் கண்கூடாகத் தெரியும்.

எதைச் செய்தாலும், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ஒரு த்ரெட்டில், நிலையான ஆழத்தில், மொத்த நிலை எண்ணிக்கையைப் பாருங்கள். வேகத்துக்காக மட்டும் செய்த மாற்றம் அந்த எண்ணை ஒன்றுகூட மாற்றக்கூடாது. மாறினால் நீங்கள் தேடலையே மாற்றிவிட்டீர்கள். அப்போது கிடைத்த 'வேகம்' வேறு மரத்தின் வேகம். ஸ்டாக்ஃபிஷ் குழு மாற்றங்களோடு பெஞ்ச் எண்ணை (இந்த மொத்த நிலை எண்ணிக்கையை) பதிவது இதற்காகத்தான். நகர்வு உருவாக்கத்தைத் தொட்டிருந்தால் பெர்ஃப்ட் (விதிப்படி வரும் நகர்வுத் தொடர்களை எண்ணும் சோதனை) பாருங்கள்: தொடக்க நிலையிலிருந்து ஆழம் 5-க்கு 48,65,609, ஆழம் 6-க்கு 11,90,60,324.

கம்பைலர் பற்றி ஒரே ஒரு குறிப்பு. பெக்ஸ்ட் என்ற ப்ராசஸர் கட்டளையைப் பயன்படுத்தி யானை, பிஷப் தாக்குதல்களைக் கணிப்பவர்கள் ஏஎம்டி ஸென் 2 வரையிலான சில்லுகளில் அதை அணைத்துவிட வேண்டும். அங்கு அது மைக்ரோகோடில் ஓடுவதால் மிக மந்தம்; ஸென் 3 முதல்தான் சரியானது. இது தெரியாமல் ஒரே நிரலை இரண்டு கணினிகளில் ஓட்டி, 'உன் எண் பொய்' என்று சொல்லிக்கொண்டவர்கள் உண்டு.

மதியம் வீட்டில் ஓட்டினால் ஓர் எண், இரவு அறையில் ஏர்கான் போட்டு ஓட்டினால் வேறு எண். மடிக்கணினி ஒன்றேதான். வெயில்கூடவா நிரலைப் பாதிக்கும்?
— மாணவர், உட்லண்ட்ஸ்

நம் ஊரில் கட்டாயம் பாதிக்கும். மதியத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறை 31, 32 டிகிரியைத் தொடும். மடிக்கணினி முதல் சில நிமிடங்கள் உயர்ந்த வேகத்தில் ஓடி, சூடேறியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதலில் ஒரு த்ரெட், பிறகு எட்டு என்று எப்போதும் அதே வரிசையில் ஓட்டினால் சூட்டின் பழி முழுவதும் எட்டு த்ரெட்டின் மேல் விழும். ஐந்து நிமிடம் சும்மா ஓட்டிச் சூடாக்கிவிட்டு 1, 8, 8, 1 என்ற வரிசையில் அளந்து பாருங்கள்.

டர்போவும் ஒரு காரணம். ஒரே கோர் ஓடும்போது 4.8 கிகாஹெர்ட்ஸ், எட்டும் ஓடும்போது 3.6 என்றால், குறையே இல்லாத நிரல்கூட 8 மடங்கு காட்டாது. 6 தான் உச்சம். விண்டோஸில் பவர் அமைப்பில் ப்ராசஸரின் உச்ச அளவை 99 விழுக்காடு ஆக்கினால் டர்போ நிற்கும். லினக்ஸில் இன்டெல் என்றால் பிஸ்டேட்டின் நோ டர்போ கோப்பில் 1 எழுதுங்கள்.

கணினி '8' என்று காட்டுவது எட்டுக் கோர்தானா என்றும் பாருங்கள். நான்கு கோர், கோருக்கு இரண்டு த்ரெட் என்ற வகையாக இருக்கலாம். பெரிய கோரும் சிறிய கோரும் கலந்த வகையாகவும் இருக்கலாம். கலந்த வகையில் லினக்ஸின் டாஸ்க்செட் கட்டளை கொண்டு த்ரெட்டுகளைப் பெரிய கோர்களிலேயே நிறுத்தி அளக்காவிட்டால் ஓட்டத்துக்கு ஓட்டம் எண் ஆடும்.

என் புதிய பதிப்பு பழையதோடு 200 ஆட்டம் ஆடியது: 60 வெற்றி, 40 தோல்வி, 100 சமன். மேம்பட்டுவிட்டது என்று சொல்லலாமா?
— வாசகர், பிடோக்

இப்போதே சொல்ல வேண்டாம். 200-க்கு 110 புள்ளி என்பது 55 விழுக்காடு, ஏறத்தாழ 35 ஈலோ (ஆட்ட வலிமையின் அளவு) கூடுதல். ஆனால் 95 விழுக்காட்டு நம்பக எல்லை சுமார் 5 விழுக்காட்டுப் புள்ளி இந்தப் பக்கம், 5 அந்தப் பக்கம். ஈலோவில் சொன்னால் 1 முதல் 69 வரை எங்கும் இருக்கலாம். பாதி ஆட்டங்கள் சமனாகும் என்று வைத்தால் 1,000 ஆட்டத்தில் எல்லை ±15 ஈலோ. 10,000 ஆடினாலும் ±5. முன்னிலை வந்ததும் நிறுத்திக்கொள்ளும் ஆசையும் முடிவைக் கெடுக்கும். நடுவில் நிறுத்த வேண்டும் என்றால் எஸ்பிஆர்டி சோதனையைப் பயன்படுத்துங்கள். ஆட்டம் நடக்க நடக்கவே 'போதும்' என்று சொல்லும் எல்லைகள் அதில் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தொடக்கத்தையும் நிறம் மாற்றி இருமுறை ஆடவிடுங்கள். எட்டுக் கோர் கணினியில் எட்டு த்ரெட் ஆட்டங்கள் நான்கை ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள்.

தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் மையத்தின் கணினியில் ஓட்ட அனுமதி கிடைத்திருக்கிறது. 32 த்ரெட் வரை நன்றாக ஏறிய வேகம் 64-க்கு மேல் அப்படியே நின்றுவிட்டது.
— ஆய்வு மாணவர், சுவா சூ காங்

இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, அந்த நோடில் (பெருங்கணினிக்குள் இருக்கும் ஒரு தனிக் கணினியில்) உங்கள் வேலை மட்டும்தான் ஓடுகிறதா? வேலைகளைப் பங்கிடும் பிபிஎஸ் மென்பொருளின் வரிசைக்கு அனுப்பும்போது ப்ளேஸ் என்பதற்கு எக்ஸ்க்ளூசிவ் மதிப்பு கொடுக்காவிட்டால் பக்கத்தில் இன்னொருவரின் வேலையும் அதே மெமரியைப் பங்கு போடலாம்.

இரண்டாவது ஹேஷைத் துடைக்கும் வரி. இரண்டு சாக்கெட் (ப்ராசஸர் பொருந்தும் இடம்) கொண்ட நோடில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தன் பக்கத்து மெமரி கிட்டே, மற்றது தூரம். லினக்ஸ் ஒரு பக்கத்தை முதலில் தொடும் த்ரெட் எந்தச் சாக்கெட்டில் இருக்கிறதோ அங்கேதான் ஒதுக்கும். முதன்மை த்ரெட் ஒன்றே முழு ஹேஷையும் பூஜ்யமாக்கினால் மொத்த டேபிளும் முதல் சாக்கெட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது சாக்கெட்டின் கோர்கள் ஒவ்வொரு தேடலுக்கும் ஆற்றைக் கடந்து வர வேண்டும், பாலமோ ஒன்றுதான். துடைக்கும் வேலையை எல்லா த்ரெட்டுகளுக்கும் பங்கிட்டுக் கொடுங்கள். நிரலைத் தொடாமலே பார்க்க வேண்டும் என்றால் நூமாசிடிஎல் கருவியில் இன்டர்லீவ் ஆல் (மெமரியை எல்லாச் சாக்கெட்டுகளுக்கும் பரப்புவது) என்று கொடுத்து ஓட்டுங்கள். எண் உடனே ஏறினால் காரணம் இதுதான். ஏறாவிட்டால் பெர்ஃப் சி2சி-யை ஓட்டி, எந்தக் கேஷ் லைன் பறக்கிறது என்ற பட்டியலோடு எழுதுங்கள்.